கறுப்புக் காரில் இரண்டு விதக் கீறல்

தம்பிமாரே, நான் கராஜை விட்டு விலகின அன்று நீங்கள் கேட்டதெல்லாம் பொலிஷ் மெஷினைப் பற்றித்தான். எந்த வேகத்தில் பிடிப்பது, எந்தக் கொம்பவுண்டுக்கு எந்தப் பேட், எத்தனை தரம் ஓட்டுவது. அதெல்லாம் போத்தலிலேயே எழுதியிருக்கும். மிச்சத்தை ஃபோனில் பார்த்துக்கொள்வீர்கள். கை வேலையில் என்னை விட நீங்கள் நன்றாகவே வருவீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. போத்தலில் எழுதாத ஒரு விசயத்தை நான் ஒரு கறுப்புக் காரிடம் படித்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக முதலில் ஒன்று. கறுப்புக் கார் நிழலில் நின்றால் கண்ணாடி மாதிரி இருக்கும். அதையே வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால், பொனட்டில் விழும் சூரியனைச் சுற்றி சிலந்தி வலை பின்னின மாதிரி நுணுக்கமான கீறல் தெரியும். நகத்தால் தடவினால் பிடிபடாது. அதுதான் சுழிக் கீறல். அது தானாக வருவதில்லை. யாரோ ஒருவரின் கை துடைத்துத்தான் வருகிறது. நம்முடைய பக்கத்தில் ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி. காரில் படிகிற தூசியில் பாதி மணல். அதைத் தண்ணீர் அடிக்காமல் காய்ந்த துணியால் துடைக்கிறவர் மண் கடதாசியால் தேய்க்கிறவர்தான். முதலில் தண்ணீரால் மணலைக் கழுவி விட வேண்டும். மேலேயிருந்து கீழே வர வேண்டும். சவர்க்காரத்துக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. கீழே விழுந்த துணி அன்றைக்கு அதோடு சரி. இதை எல்லா வாடிக்கையாளரும் கேட்டு நடந்தால் நமக்குப் பாதி வேலை இல்லை. நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். வேலை ஒரு நாளும் குறையவில்லை.

என் தொழிலைச் சரியாகப் பழகினது சார்ஜாவில். அங்கே என்னோடு ஒரு பிலிப்பைன்ஸ்காரன் வேலை செய்தான், என் வயதுதான். நான் ஒரு கதவை முடித்துவிட்டு மினுங்குகிறதைப் பார்த்துப் பெருமையாக நிற்பேன். அவன் ஒரு துணியில் ஸ்பிரிட்டை ஊற்றி, நான் பொலிஷ் பண்ணின இடத்தை ஒரு தரம் துடைத்துவிட்டு, லைட்டைப் பிடிப்பான். மினுக்கத்தில் பாதி துணியோடு போய்விடும். கீழே கீறல் அப்படியே நிற்கும். பொலிஷில் இருக்கிற எண்ணெய் கீறலுக்குள் இறங்கி மறைத்து வைத்திருக்கும், அவ்வளவுதான். எண்ணெயை எடுத்துவிட்டுப் பார்ப்பதுதான் வேலையைப் பார்ப்பது. முதல் மாதம் அவன் மேல் எனக்கு நல்ல கோபம். பிறகு அவன் துடைக்க வருவதற்கு முதல் நானே துடைக்கப் பழகினேன்.

ஊருக்குத் திரும்பி வந்து, கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் இடையில் இருந்த ஒரு கராஜில் பொலிஷ் வேலைக்குச் சேர்ந்தேன். சில வருடங்களில் கராஜின் பொலிஷ் பகுதி முழுக்க என் பொறுப்பு. அந்த நாளில்தான் லோயர் அம்மாவின் கார் வந்தது. மட்டக்களப்பில் அவரை எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நல்ல பெயர் எடுத்த சட்டத்தரணி. பேச்சு அளந்துதான் வரும். கறுப்புக் கார் ஒன்று வாங்கியிருந்தார். முந்தின சொந்தக்காரர் சேர்விஸ் ஸ்டேசனில் பிரஷ் போட்டுக் கழுவி, கார் முழுக்க வலை.

புதன்கிழமை காரைத் தந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வேண்டும் என்றார், பின்னேரம் கொழும்புக்குப் போக வேண்டுமாம். முடியும் என்று நான் சொன்னேன். வியாழக்கிழமை அரைநாள் கரண்ட் இல்லை. வெள்ளி காலையில், தடித்த கொம்பவுண்டுப் பசையும் மெஷினில் கம்பளிப் பேட்டும் போட்டு முதல் வெட்டு முடித்திருந்தேன். அந்த வெட்டு பழைய கீறலை எடுக்கும். ஆனால் தன் பங்குக்கு மெஷின் ஓடின தடத்தைப் போட்டுவிட்டுப் போகும். அதை மென்மையான பேட்டால் இரண்டாம் தரம் எடுக்க வேண்டும். அதற்கு இன்னும் அரைநாள் வேண்டும். நேரம் பதினொன்று. ஜும்ஆத் தொழுகைக்கும் போக வேண்டும்.

கராஜில் ஒரு கிளேஸ் போத்தல் இருந்தது. கீறலை நிரப்பி மறைக்கிற சாமான். பழைய வாகனம் விற்கிறவர்கள் கேட்டால் பூசுவோம். நான் அதை எடுத்தேன். ஒரு மணித்தியாலத்தில் கார் கறுப்பு நிலாப் போல மினுங்கியது. அம்மா வந்து சுற்றிப் பார்த்தார். “ரபீக் நானா, இதைக் கழுவக்கூட மனம் வராது போல இரிக்கே,” என்றார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். நான் பள்ளிவாசலுக்குப் போய், தொழுகிறவர்களோடு வரிசையாகச் சஃப்பில் நின்றேன். கண்ணை மூடினாலும் அந்த பொனட்தான்.

அம்மா கொழும்பால் வந்ததும் கூப்பிட்டு, ஏதாவது சாட்டுச் சொல்லி காரை வாங்கி இரண்டாம் வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த கிழமை வேறு கார் வந்தது. அதற்கடுத்த கிழமை இன்னொன்று. நான் கூப்பிடவில்லை.

மூன்று கிழமை போனது. நடுவில் நல்ல மழை பெய்தது. மழை விட்டு நாலைந்து நாளுக்குப் பிறகு, பளிச்சென்று வெயில் எறித்த ஒரு காலையில் அந்தக் கார் கராஜ் வாசலில் வந்து நின்றது. உள்ளே கொண்டுவர வேண்டாம், வெயிலிலேயே நிற்கட்டும் என்று அம்மா கையைக் காட்டினார். சாரதி தவராசா இறங்கினார். மண்டூர்க்காரர். தினமும் விடியப் பாதைப் படகில் வாவியைக் கடந்து, இக்கரையில் பஸ் பிடித்து வேலைக்கு வருகிறவர். என்னை விட ஒன்றிரண்டு வயது இளையவராக இருக்கும். கையில் ஒரு சொப்பிங் பேக்கை நெஞ்சோடு பிடித்திருந்தார்.

“நானா, கிட்ட வந்து பாருங்க,” என்றார் அம்மா.

பார்க்கத் தேவையிருக்கவில்லை. பத்தடி தூரத்திலேயே தெரிந்தது. கார் முழுக்கக் கீறல்.

“நீங்க கண்ணாடி மாதிரித் தந்த கார். தவராசாவைத் தவிர வேற ஒருத்தரும் இதில கை வைக்கல்ல. எப்பிடிக் கழுவுறதெண்டு நீங்க சொன்னதெல்லாம் நான் அவருக்குச் சொன்னன். அப்பிடித்தான் கழுவினன் எண்டு அவர் சொல்றார். வாற மாசத்தில இருந்து வர வேணாமெண்டு நான் சொல்லிப்போட்டன். ஆனா தெரிஞ்ச ஒராள்ட்டக் கேக்காம அனுப்புறதும் சரியில்ல. நீங்க சொல்லுங்க. இது துணியால வந்த கீறலா?”

தவராசா என்னைப் பார்க்கவில்லை. பையைத் திறந்து பொனட்டுக்குப் பக்கத்தில் இருந்த வாங்குப் பலகையில் நான்கு துணிகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். தோய்த்துக் காய வைத்து மடித்த துணிகள்.

“இது ரெண்டும் அம்மா வாங்கித் தந்தது. இது ரெண்டும் நான் வாங்கினது. கண்ணாடிக்கு மேல ஒரு துணி, அதுக்குக் கீழ ஒரு துணி. டயருக்கு வேற, ஈரம் துடைக்க வேற. ஒண்டை ஒண்டோட கலக்கிறல்ல நானா.”

மேலுக்கும் கீழுக்கும் துணியைப் பிரிக்க வேண்டும் என்று நான் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. மணல் கீழேதான் கூடுதலாக இருக்கும் என்று அந்த மனிதன் தானாகவே யோசித்துச் செய்திருக்கிறார். நான் ஒவ்வொரு துணியாக எடுத்து என் மணிக்கட்டின் உள்பக்கத்தில் தடவிப் பார்த்தேன். அந்தத் தோலுக்கு ஒரு மணல் பட்டாலும் தெரியும். ஒன்றும் இல்லை.

பிறகு காரைப் பார்த்தேன். கையால் துடைத்து வரும் கீறல் ஒழுங்கில்லாமல் இருக்கும், எல்லாத் திசையிலும் ஓடும். இது அப்படியில்லை. ஒரே அகலத்தில், ஒன்றுக்கு மேல் ஒன்று விழுந்த வளைவுகள். தலையை அசைத்தால் அவையும் நகர்கிற மாதிரித் தெரியும். அது மெஷின் ஓடின தடம். அது என்னுடைய கை. என் எழுத்தை நான் வாசிக்கிற மாதிரி அதை வாசித்தேன். கிளேஸை மழை கழுவிக்கொண்டு போய்விட்டது.

அதற்குள் முதலாளி வெளியே வந்தார். ஒரு பார்வையில் அவருக்கும் விளங்கியது. “அம்மா, வெயில்ல நிக்காதீங்க, உள்ளுக்கு வந்து இரிங்க, தேத்தண்ணி ஊத்தச் சொல்றன்,” என்று சொல்லிக்கொண்டே என் தோளைப் பிடித்துக் கதவுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

“ரபீக், கோர்ட்டில உள்ள ஆக்கள்ட வாகனம் பாதி இந்த அம்மாவாலதான் நமக்கு வருது. நீ பொய் சொல்லத் தேவல்ல. சரியாச் சொல்ல ஏலாது எண்டு மட்டும் சொல்லு. கீறலை நாம சும்மா எடுத்துக் குடுப்பம். கார் நல்லா வந்தா எல்லாருக்கும் சரி.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. பத்துப் பன்னிரண்டு குடும்பத்துக்கு அந்தக் கராஜில் வேலை இருந்தது. அவர் என்னிடம் கேட்டதும் பொய் இல்லைத்தான். சரியாச் சொல்ல ஏலாது என்ற மூன்று சொல்லில் யாரும் பிடிக்க ஒன்றும் இல்லை. நான் மாட்டமாட்டேன், கராஜ் மாட்டாது. அம்மாவுக்குக் கார் கிடைக்கும். ஆனால் தெரிந்த ஆள் சொல்ல ஏலாது என்றால், நான்கு துணியோடு வெளியே நிற்கிறவரின் கதை அதோடு முடிந்தது. நான் வாயைத் திறந்து அவரைக் குற்றம் சொல்லத் தேவையே இல்லை.

ஒரு அரை நிமிடம் நின்றிருப்பேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் பொய் இருக்கும். அந்த அரை நிமிடத்தில் என் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், என் வேலை, என் பெயர் எல்லாம் மனதில் ஓடின.

“நான் உள்ளதைச் சொன்னாத்தான் சரியா வரும் முதலாளி,” என்றேன். அவர் தோளில் இருந்து கையை எடுத்தார். தடுக்கவில்லை.

வெளியே வந்து அம்மாவைப் பின்கதவின் ரப்பர் ஓரத்துக்குக் கூப்பிட்டேன். மெஷின் பட்டு ரப்பர் கருகாமல் இருக்க அந்த ஓரமெல்லாம் டேப் ஒட்டித்தான் வேலை செய்வோம். டேப் ஒட்டின ஒரு விரல் அகலத்துக்கு மெஷின் போகாது.

“அம்மா, இந்த ரப்பருக்குப் பக்கத்தில ஒரு விரல் அகலம் பாருங்க. இதில இரிக்கிறது பழைய கீறல், நீங்க கார் வாங்கக்குள்ள இருந்தது. பின்னிக் கிடக்கு. இஞ்சால வாங்க. இது வேற கீறல். வளைஞ்சு ஒரே மாதிரிப் போகுது. ரெண்டும் சந்திக்கிற இடம் கோடு போட்ட மாதிரி நேரா நிக்கிது. துணியால துடைக்கிற ஆள் ரப்பர் வரைக்கும் துடைப்பார். இப்பிடிக் கோடு போட்டு நிப்பாட்ட மாட்டார். இதில நான் டேப் ஒட்டியிருந்தன். இது என்ட மெஷின் கீறல்.”

அம்மா குனிந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பக் குனிந்தார். முன் கதவின் ஓரத்தையும், பின் விளக்கின் ஓரத்தையும் தானாகவே போய்ப் பார்த்தார். எல்லா இடத்திலும் அதே ஒரு விரல். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் தெரியவில்லை. நீதிமன்றத்தில் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார்.

“அண்டைக்கே இது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்ப எனக்கு ஏன் தெரியல்ல?”

“மேல ஒரு கிளேஸ் பூசினன். அது மறைச்சுது. மழைக்குப் போயிட்டு.”

“தெரிஞ்சுகொண்டுதான் தந்தீங்க.”

“ஓம்.”

“ஏன்?”

“கரண்ட் இல்ல, நேரம் இல்ல எண்டு சொல்லலாம். நீங்க அவசரப்படுத்தினீங்க எண்டும் சொல்லலாம். ஆனா இன்னும் ஒரு நாள் தாங்க எண்டு நான் உங்கள்ட்டக் கேக்கல்ல.”

“கேட்டிருந்தாத் தந்திருப்பன்,” என்றார் அம்மா. “நான் பஸ்ஸில போயிருப்பன்.”

தம்பிமாரே, அவசரம் என்று நாம் பயந்து நிற்கிற பாதிப் பேர் இப்படித்தான். கேட்டால் தருவார்கள். நாம் கேட்பதில்லை.

அம்மா தவராசாவின் பக்கம் திரும்பினார். எங்கள் எல்லாருக்கும் முன்னால்தான் சொன்னார். “தவராசா, நான் உங்களுக்குச் சொன்னது பிழை. அதை நான் திரும்ப எடுக்கிறன். நாளைக்கு வழமை போல வாங்க.” தவராசா தலையை ஆட்டினார். துணிகளை எடுத்துப் பழையபடி மடித்துப் பைக்குள் வைத்தார்.

“காரை விட்டுட்டுப் போங்க அம்மா,” என்றேன். “எப்ப தருவன் எண்டு இப்ப சொல்ல மாட்டன். முடிஞ்சதும் கூப்பிடுறன்.”

கார் என் கைக்கு வந்த பிறகுதான் அடுத்த பயம். பெயின்டின் மேலே இருக்கிற கிளியர் கோட் மெல்லிசு. நாம் கீறலை எடுப்பது என்றால் கீறலின் அடிமட்டம் வரை அந்தக் கோட்டைத் தேய்த்துக் குறைப்பதுதான். ஏற்கெனவே ஒரு தரம் தடித்த கொம்பவுண்டால் வெட்டியிருக்கிறேன். மிச்சம் எவ்வளவு என்று அளக்கிற மீற்றர் அந்தக் காலத்தில் எங்களிடம் இல்லை. கூடுதலாகத் தேய்த்தால் கீழே இருக்கிற கறுப்புப் பெயின்ட் வெளித்துத் தெரியும். அதன்பிறகு பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும். அவமானப்பட்டவன் கைக்கு இன்னும் நன்றாகச் செய்து காட்ட வேண்டும் என்ற துடிப்பு வரும். அந்தத் துடிப்போடு மெஷினைப் பிடிக்கக் கூடாது. நான் அன்றைக்கு மெஷினைத் தொடவில்லை. காரைக் கழுவி, காய வைத்து, மூடி வைத்தேன்.

மறுநாள் கதவின் கீழ்ப்பகுதியில் கையகல இடத்தில், இருக்கிறதிலேயே மெல்லிய பொலிஷும் மென்மையான பேட்டும் போட்டுப் பார்த்தேன். துடைத்தேன். ஸ்பிரிட் போட்டேன். வெயிலில் தள்ளிப் பார்த்தேன். தடம் போயிருந்தது. அதற்கு மேல் பலமான சாமான் தேவையில்லை என்று அந்தக் கையகல இடம் சொல்லிவிட்டது. மெல்லியதில் முடிகிற வேலைக்குத் தடித்ததை எடுக்காதீர்கள். இரண்டரை நாள் எடுத்தது. ஒவ்வொரு துண்டாக முடித்து, ஒவ்வொன்றையும் வெயிலில் பார்த்தேன்.

பொனட்டின் முன் ஓரத்தில் மட்டும் நிறுத்தினேன். ஓரங்களில் கோட் எப்போதும் மெல்லிசு. அங்கே நாலைந்து கீறல் மிச்சம் இருந்தது. இன்னும் ஒரு ஓட்டு ஓட்டினால் போயிருக்கும். அதோடு பெயின்டும் போயிருக்கலாம்.

அம்மாவை மத்தியான நேரத்தில் வரச் சொன்னேன். ஓட்டோவில் வந்தார். தவராசா முன்னமே வந்து நின்றார். காரை நடு வெயிலுக்கு எடுத்து, அவர் பார்க்க ஸ்பிரிட் துணியால் பொனட்டைத் துடைத்தேன். கறுப்புக்குள் சூரியன் மட்டும் தெரிந்தது. பிறகு நானே முன் ஓரத்துக்குக் கூப்பிட்டு மிச்சத்தைக் காட்டினேன்.

“இதையும் எடுக்கலாம். எடுத்தா பெயின்ட் வெளிக்கலாம். நான் எடுக்கல்ல.”

“இதை நீங்க காட்டாட்டி எனக்குத் தெரிஞ்சே இராது,” என்றார் அம்மா.

“அதுக்குத்தான் காட்டினன்.”

அவர் குனிந்து அந்தக் கீறல்களை விரலால் தடவினார். “சரி, இரிக்கட்டும்,” என்றார். முதலாளியோடு பேச உள்ளே போனார். பிறகு அவர் மற்ற லோயர்மாரையும் எங்களிடம் அனுப்பத்தான் செய்தார். ஆனால் ஒவ்வொருவரிடமும், காரை வெயிலில் பார்த்து வாங்குங்கள் என்று சொல்லித்தான் அனுப்புவாராம். முதலாளி அதைச் சொல்லிச் சிரிப்பார். அந்தக் கிளேஸ் போத்தலை அவரே ஒரு நாள் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கே போட்டார் என்று நான் கேட்கவில்லை.

அம்மா உள்ளே இருந்த நேரத்தில் நானும் தவராசாவும் காருக்குப் பக்கத்தில் நின்றோம். அவராகத்தான் கதைத்தார். சத்தம் உயரவில்லை.

“மழை விட்ட அண்டைக்குக் கீறலைக் கண்டதில இருந்து நான் என்ட கையைத்தான் பார்த்துக்கொண்டு திரிஞ்சன் நானா. எந்தத் துணியால வந்தது, எந்த நாள் கழுவினது எண்டு யோசிச்சு யோசிச்சு நித்திரை இல்ல. நாந்தான் செஞ்சிருப்பன் எண்டு நம்பிட்டன். மகள் சோறு திண்டுபோட்டு வந்தா, வாயைத் துடைக்கிறதுக்கு முதல் துணியை ரெண்டு தரம் உதறிப் பார்க்கிறன். என்னப்பா செய்றீங்க எண்டு அவள் கேக்கிறாள்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவிடம் நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். முதலாளியிடம் நிமிர்ந்து நின்றேன். காருக்கு இரண்டரை நாள் வேலை செய்தேன். இந்த மனிதனிடம் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

“தவராசா, பிழை என்ட. உங்களை இப்பிடி ஆக்கினதும் நாந்தான். மன்னிச்சுக்கொள்ளுங்க,” என்றேன்.

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாதது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். காரின் கூரையைக் காட்டி, “கூரையை நடுவில இருந்து கழுவ வேணுமா, ஓரத்தில இருந்தா?” என்று கேட்டார்.

நடுவில் இருந்து என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, கார்க் கதவைத் திறந்து, அம்மா வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.